கீழ்த் திருப்பத்து நீர்நாய்கள்

பிப்ரவரி 9, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார்; போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நீர்நாய்கள் குட்டி போடும் இரண்டு மாதமும் ஆற்றின் கீழ்த் திருப்பத்துக்குச் சுற்றுலாப் படகு போகக் கூடாது என்று நம் ஊர்ச் சங்கத்துக்கு விதி எழுதிக் கொடுத்தவள் நீதான். அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. படகும் போகிறது, அப்பாதான் ஓட்டுகிறார். அவை தவறாமல் வர வேண்டும் என்று விடியுமுன் பாறை இடுக்குகளில் மீன் வைக்கிறோம். வைப்பது நான்தான். என் கைதான் உள்ளே நுழையும்.

இப்போது மோட்டார் சத்தம் கேட்டாலே சாப்பாடு என்று ஓடி வருகின்றன. முந்தாநாள் ஒரு குட்டி மோட்டார் விசிறியில் மாட்டிக்கொண்டது. வந்தவர்கள் கரையேறிய பிறகு அப்பா அதை மணலில் புதைத்தார். "நீர்நாய் வரலன்னா ஆளுங்க வரமாட்டாங்க. ஆளுங்க வரலன்னா உங்க ஸ்கூல் வேனுக்கு டீசல் யாரு போடுவா? நர்ஸம்மாவுக்குச் சம்பளம் யாரு குடுப்பா? வாயத் தொறக்காத" என்றார். அன்றிலிருந்து அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பு.

உன் வாலு

பிப்ரவரி 15

என் வாலுக்குட்டிக்கு,

உன் கையெழுத்து எப்போதுமே கோணல்தான், டார்ச் மேல் பழி போடாதே. வேளைக்குச் சாப்பிடு. இனி மீன் வைக்கப் போகாதே; வயிற்று வலி என்று படுத்துக்கொள்.

கோபித்துக்கொள்ளாதே. ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டேன். சங்கத்துப் பொருளாளர், நம் மாமாவிடம். அந்த விதிக்காகக் கூட்டத்தில் எல்லோரோடும் மல்லுக்கு நின்றவர் அவர்தானே. உன் பேச்சையே எடுக்கவில்லை. "நான் பாத்துக்கறேம்மா, கீழ்த் திருப்பத்த மூடிடலாம்" என்றார். மேலே கரையிலிருந்தே பறவைகளைக் காட்டலாம். வருமானம் குறையும், நின்றுபோகாது. வனத்துறைக்குத் தெரிந்தால் ஊருக்கே உரிமம் போய்விடும். அதனால்தான் வீட்டுக்குள்ளேயே முடிக்கப் பார்க்கிறேன்.

தைரியமாக இரு.

அக்கா

பிப்ரவரி 21, விடியவில்லை

அக்கா,

மாமா வந்தார். அம்மா போட்ட டீயைக் குடித்தார். "என்ன வாலு, வயித்து வலி தேவலையா? உங்கக்கா ஃபோன்ல ரொம்ப நேரம் பேசினா" என்று சிரித்தார். பிறகு வண்டியிலிருந்து மீன் கூடையை இறக்கி வைத்தார். ஒன்று அல்ல, இரண்டு. "நாளைலேருந்து ஆளுங்க ஜாஸ்தி" என்றார்.

இத்தனை நாளும் மீன் வாங்கித் தந்தவர் அவர்தான்; எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நீ திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டாய்.

அப்பா அடித்திருந்தால்கூடத் தேவலை. "ஏன் அவகிட்ட சொன்ன" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்று நாளாக மறுபடியும் மீன் வைக்கிறேன். நேற்று இடுக்குக்குள் கையை விட்டபோது ஒரு குட்டி என் விரலை முகர்ந்தது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

யாரிடமும் காட்டாதே என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். இனிமேல் எனக்கு எழுதாதே. உன்மேல் கோபமில்லை. கோபமும் வரமாட்டேன் என்கிறது.

இன்றைக்குப் போக மாட்டேன் என்று சொல்லப் போகிறேன். போர்வைக்குள் சொல்லிப் பார்த்தேன். வாய் ஒழுங்காகத்தான் சொல்கிறது.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இல்லை, மாமாவின் குரல். அக்கா, நான்