படிக்கட்டில் நீ உட்காரவில்லை

முரளிக் கண்ணா,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. எட்டு மாதம் மூத்தவள் என்பதற்காகக் கொஞ்சாதே என்பாய். இனி நீ தடுக்க முடியாது, கூப்பிடுகிறேன்.

உன் நாற்காலி பத்து நாள்கூடக் காலியாக இருக்கவில்லை. பர்த்தமான் ஊரிலிருந்து ஒரு வங்காளிப் பெண் வந்திருக்கிறாள். செக்டர் ஃபைவில் நம் அலுவலகம் அதே மாதிரிதான் ஓடுகிறது. திரையில் யாரோ நடக்கிறார்கள், ஏறுகிறார்கள், விழுகிறார்கள். அந்த அசைவுக்குச் சரியான ஆங்கில வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்து ஒட்டுகிறோம். அதைப் பார்த்து இயந்திரம் மனிதர்களைக் கற்றுக்கொள்கிறதாம். ஒரே காட்சியை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்ற விதிப்படி இப்போது அவள்தான் எனக்கு ஜோடி. நான் போட்டதையே அவளும் போடுகிறாள். சண்டையே இல்லை.

நீ விடமாட்டாய். நான் 'வாக்' போட்ட கிழவருக்கு நீ 'லிம்ப்' போடுவாய்.

"இடது காலை இழுக்கறார் பாரு. கண்ணை எங்கடி வெச்சிருக்கே?"

"செருப்பு அறுந்திருக்கும்டா."

"அவர் செருப்பே போடலை, மேதை."

மூன்றாவது ஆள் வந்து பார்த்தால் பெரும்பாலும் நீதான் ஜெயிப்பாய். அப்படிப்பட்ட உனக்கு என்ன சொல் போட்டார்கள் தெரியுமா? 'சிட்'. உட்கார்ந்தான்.

அன்று மதியம் நெஞ்சை அடைக்கிறது, வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டாய். கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போ என்றார்கள். அடுத்த நாற்காலியில் இருந்த நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் படிக்கட்டுக்குப் போனாய். அங்கிருந்த கேமராவின் பதிவை மறு வாரம் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். உன் கை சுவரைத் தேடுகிறது. தோள் சுவரோடு சரிகிறது. இரண்டு முழங்காலும் ஒன்றாக விட்டுப்போகின்றன. அதன்பின் பதினெட்டு நிமிடம் சுவரில் சரிந்தபடியே கிடக்கிறாய். டீக் கோப்பையோடு நான்கு பேர் உன்னைத் தாண்டி இறங்கினார்கள்.

"இது 'கொலாப்ஸ்'" என்றேன். நிலைகுலைந்து விழுவதற்கு நம் பட்டியலில் இருக்கும் சொல்தான்.

"ஷோனோ ஹேமா," கேள் ஹேமா என்று ஆரம்பித்து மேலாளர் வங்காளத்தில் பொறுமையாகச் சொன்னார். "நம் விதி என்ன? கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது. படியில் உட்கார்ந்திருக்கிறான், தெரிகிறது. வலி தெரிகிறதா? நீயே சொல்."

உட்கார்ந்தவனை யாரும் ஓடிவந்து தூக்க வேண்டியதில்லை. விழுந்தவன் என்றால் பதினெட்டு நிமிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இது அந்த அறையிலேயே எனக்குப் புரிந்தது. புரிந்துதான், 'சிட்' என்று எழுதிய அலுவலக அறிக்கையில் குடும்பத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேறு நல்ல காரணம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

சித்திக்கு அந்தத் தாளைத் தமிழில் படித்துச் சொன்னதும் நான்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். போன ஞாயிறு பவானிபூர் வீட்டில் மறுபடி எடுத்து நீட்டினாள்.

"உக்காந்தான்னுதானேடி போட்டிருக்கு? உக்காந்த வாக்குலயே போயிட்டான். என் பிள்ளை கஷ்டப்படலை. நீதான் படத்துல பார்த்தியே, அப்படித்தானே?"

"ஆமா சித்தி."

அதைக் கேட்டபின் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள். அவளுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு சொல்தான். அதையும் பிடுங்க நான் யார், முரளி? பிடுங்காமல் இருக்கவும் நான் யார்?

நேற்று அந்தப் பர்த்தமான் பெண் காய்ச்சல் என்று விடுப்பு கேட்டாள். கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போ என்றார்கள். அதே வாக்கியம், அதே குரல். அவளும் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் பையை எடுத்து, கையைப் பிடித்து இழுத்துப் போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். உனக்கு இதைச் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

வரும் ஞாயிறு முதலில் சித்தியிடம் சொல்லப்போகிறேன். நீ விழுந்தாய், வலித்திருக்கும், யாரும் வரவில்லை, நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை இதையே எழுதி அலுவலகத்தில் கொடுப்பேன். வேலை போகட்டும், இந்த ஊரில் இதைவிடக் கேவலமான வேலையும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆனாலும் போவேன். இது சத்தியம்.

சித்தி இனி என்னை ஒப்புக்கொள்ளாவிட்டாலும்,
உன் அக்கா,
ஹேமா