சுண்டுவிரல் கணக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

மன்னியுங்கள். இனி வாசிக்க முடியாதவருக்கு எழுதுவது முறையில்லைதான். நீங்கள் உயிரோடிருந்தபோது ஒரு வரியும் எழுதாதவள் நான். இன்று ஆலயத்து ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. கப்பலேறப் புறப்பட்ட அன்று, தம்பானூர் ரயிலடியில் நீங்கள் போட்டிருந்த இரவல் கோட்டின் வாசனை அது.

பெரியப்பா மகனான உங்களுக்கு நல்ல குரல், நல்ல உயரம். ஆலயப் பாடகர் குழுவை நடத்த முன்னால் நிறுத்தினார்கள். தாளம்தான் நிற்காது. கீர்த்தனைக்கு நடுவே வரும் இடைவெளியில் தவறிவிடுவீர்கள். கோட்டைத் தெருப் பாட்டு வகுப்பை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டு நான் கற்ற தாளக் கணக்கை, பெண்கள் வரிசையில் நின்றபடி சுண்டுவிரலில் தொடங்கிப் பாட்டுப் புத்தகத்தின்மேல் எண்ணுவேன்.

“பிள்ளே, ஒன் விரலு எனக்குத் தெரியணும், கேட்டியா? மறைச்சிராத, மானம் போயிரும்” என்பீர்கள்.

கப்பலேறிப் போன வெள்ளைக்கார தேசத்தில் பெரிய ஆர்கெஸ்ட்ராவையே நடத்தினீர்கள். “வெள்ளக்காரனுக்கு நம்ம பய பாண்டு மாஸ்டராம்!” என்று சிரித்த தெரு, பத்திரிகையில் படம் வந்ததும் வாயடைத்தது. இசை மெலியும் இடங்களில் நடத்தும் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சுண்டுவிரலிலிருந்து எண்ணுவீர்களாம். வாத்தியக்காரர்கள் மூச்சடக்கி, ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பார்களாம். அங்குள்ள இளம் இசை நடத்துநர்களும் இப்போது அப்படித்தான் பழகுகிறார்களாம்.

பத்திரிகையில் படம் வந்த அந்த வாரந்தான் நான் பி.ஏ. தேறியிருந்தேன், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக. வாழ்த்த வந்தவர்கள் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துப் போனார்கள்.

நீங்கள் ஒருமுறை ஊர் வந்தபோது கேட்டே விட்டேன்: “அது யாருக்க விரலு அண்ணே?”

“ஒனக்க விரலுதான். அங்க சொன்னேன் பிள்ளே, நம்பல்ல. யாரோ சாமியாரு படிப்பிச்சதுண்ணு எழுதிட்டானுவ.”

சிரித்துவிட்டேன். பொறாமை குறையவில்லை. திருடியிருந்தால் வெறுத்திருக்கலாம், அதற்கும் நீங்கள் இடம் வைக்கவில்லை. விரல் என்னுடையதுதான். ஆனால் அதை நம்பி அத்தனை அந்நியர் முன்னால் நின்ற நெஞ்சு எனக்கில்லை. அதற்குத்தான் அதிகம் பொறாமைப்பட்டேன். இன்னும் படுகிறேன்.

போன மாதம் செய்தி வந்தது. அந்தக் குளிர் தேசத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். வரும் ஞாயிறு உங்கள் நினைவு ஆராதனை. குழுவை நடத்த என்னைக் கேட்டார் போதகர். இந்த ஆலயத்தில் ஒரு பெண் அங்கே நின்றதில்லை. சரியென்றேன். “அண்ணனப் போலவே நடத்திரும்மா” என்றார். அந்தப் ‘போல’ இன்னும் உறுத்துகிறது.

உங்களுக்காக அழுவேன், வேறொரு நாள். எழுதத் தொடங்கியபோதே கேட்க நினைத்ததை இப்போதாவது கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம் மட்டும், அண்ணே, என் நினைவுக்கு வராதீர்கள்.