எல்லோருக்கும் போய்விட்டது

செப்டம்பர் 9, திங்கள்
எங்கள் குடிநீர் அலுவலகத்தில் இன்றோடு பேரேட்டுக்கு முழுக்கு. இனி எல்லாம் கம்ப்யூட்டர். பழைய இணைப்புகளை ஏற்றும் வேலை என் தலையில். செல்போன் எண் போடாவிட்டால் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்கிறது, சனியன். போனே இல்லாத வீடுகளுக்கு நான் எங்கே போவேன்?

செப்டம்பர் 12
வாய்க்கால் தெரு. இராஜாங்கம் அய்யாவும் அவர் மனைவி ஜெயபாரதி அம்மாவும் மட்டும்தான் அந்த வீட்டில். "போனா? எங்களுக்கு எதுக்கும்மா? ஒன் நம்பரையே போட்டுக்க. தெனம் இந்த வழியாத்தானே போற, ஒரு கொரல் குடுத்தா போச்சு" என்றார் அய்யா. நல்ல யோசனையாகத்தான் பட்டது. போன் இல்லாத மற்ற வீடுகளுக்கும் என் எண்ணையே போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 27
முடிந்தது! மேலாளர் ரகுராமன் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். "ஃபிளோரா புண்ணியத்துல இனிமே ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டுத் தெருத்தெருவா கத்த வேணாம். எதுன்னாலும் மெசேஜ் போயிடும்." கை தட்டினார்கள். என் எண்ணைப் போட்ட வீடுகள் நினைவுக்கு வந்தன. பாராட்டுக்கு நடுவில் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 10
பில் அனுப்பும் நாள். காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. எல்லாம் ஒரே செய்தி, பெயர் மட்டும் வேறு. மானம் போகிறது. அலுவலக எண்ணிலிருந்து வருவதற்கு மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் வீடு வீடாக நின்று சொன்னேன். "ஒனக்கு ஏன்டி இந்தத் தலையெழுத்து" என்று ஜெயபாரதி அம்மா சிரித்தார், மோர் கொடுத்தார்.

அக்டோபர் 17
மழை விடவில்லை. வாய்க்கால் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தில் குடிநீர்க் குழாய் முழுகிக் கிடக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு
பூசை முடிந்து வந்தால் நீடாமங்கலத்திலிருந்து நாத்தனார். சமையல், பேச்சு. சாயங்காலம்தான் போனை எடுத்தேன். "குழாயில் கழிவுநீர் கலந்துள்ளது. குடிக்க வேண்டாம்." காலையிலேயே வந்திருக்கிறது. வரிசையாக, வீட்டுக்கு ஒன்று. மாதாவே!

ஓடினேன். ஜெயபாரதி அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "காலையிலேருந்து வயித்தால போவுது. விடாம தண்ணி குடுத்துக்கிட்டேதான் இருந்தேன்மா" என்றார் அய்யா. என்ன தண்ணி என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 21
தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அம்மா போய்விட்டார்.

அக்டோபர் 24
விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். ரகுராமன் சார் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், வாய்க்கால் தெரு முழுக்க எல்லாருக்கும் போயிருக்கு. ஒண்ணுகூட விட்டுப்போகல." வந்தவர் தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் — அதற்குத்தான். வேறென்ன? பாவி, பாவி.

நவம்பர் 6
இராஜாங்கம் அய்யா அலுவலகத்துக்கு வந்தார். கையில் புதுப் போன், மேலே ஒட்டிய தாளைக்கூட உரிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. எண் எழுதிய துண்டுச் சீட்டை நீட்டினார்.

"இதப் போட்டுடும்மா. ஒன்னுது வேணாம்."

மாற்றிக் கொடுத்தேன். மற்ற வீடுகள் இன்னும் என் எண்ணில்தான் இருக்கின்றன. மாற்றப் போனால் ஏன் என்று கேட்பார்கள். மறுபடி மழை பிடித்திருக்கிறது. போனைச் சத்தமாக வைத்துத் தலைமாட்டில் போட்டிருக்கிறேன்.