பேணாட்டும் பொலிஸ் பந்தடியும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
19.09.1973

அன்பு மகள் கிறேஸ்,

மாதாவின் தயவால் இந்த வீட்டில் மிச்சமிருக்கும் மூன்று பேருக்கும் காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை, நீயும் அந்தக் குளிருக்குள் அப்படியே இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். உன் கடிதமும் படமும் கிடைத்தன. தாதி உடுப்பு உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தோள் எலும்பு தெரிகிறது, இரவு வேலை என்று சாப்பிடாமல் விடாதே. அப்பா படத்தைத் துறைமுகக் கந்தோருக்குக் கொண்டுபோய் ஊருக்கெல்லாம் காட்டி, மூலையில் எண்ணெய்க் கை பதித்துக்கொண்டு வந்தார். தம்பி ஏன் ஒரு வரியும் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லப் போனால் உன் அம்மா எவ்வளவு பெரிய புத்திசாலி என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும், பரவாயில்லை, இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நீ மட்டும் ஏன் தெரியாமல் இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இடம் இல்லையென்று கடிதம் வந்ததிலிருந்து தம்பி பேணாட் வீட்டோடுதான் இருக்கிறான், இந்தத் தட்டுப்பாட்டில் பேக்கரியில் பாணுக்குக் கியூவில் நிற்பது அவனுடைய உத்தியோகம். போன மாதம் ஒரு நாள் விடியவே போய் நின்றிருக்கிறான். காவலுக்கு நின்ற கொன்ஸ்டபிள் தர்மதாச யாரோ தெரிந்த ஆளை முன்னுக்கு விட்டாராம், இவன் போய் நியாயம் கேட்டிருக்கிறான், அதுவும் ஆங்கிலத்தில். பிழையைக் கண்டால் சண்டை பிடிக்காதே, மரியாதையாக ஆங்கிலத்தில் கேள் என்று உங்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்தவள் நான்தானே. கியூவில் நின்றவர்கள் சிரித்தார்களாம், தர்மதாச அத்தனை பேருக்கும் முன்னால் கன்னத்தைப் பொத்தி அடித்துவிட்டார். வெறும் பையைக் குசினிக்குள் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவன்தான், அதற்குப் பிறகு எங்களோடு கதை இல்லை. நான் கதவடியில் நின்று மன்னிப்பைப் பற்றி ஒரு நல்ல பிரசங்கம் செய்தேன். முடியுமட்டும் கேட்டுவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போங்கோ என்றான்.

நாலைந்து நாள் கழித்து றஊப்பின் உம்மா ஜெஸீமா வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டா. றஊப்பை உனக்கு நினைவிருக்கும், நான் கணக்குப் படிப்பித்த பெடியன், இப்போது இந்தத் தெருப் பந்தடிக் குழுவுக்குக் கப்டன். ரீச்சர், உங்கட மகன் கணக்குப் பாக்கிறான், என்ட மகன் கயிறு தேடுறான், ரெண்டு பேரையும் புடிச்சுக் கட்டுங்க என்றா. விஷயம் என்னவென்றால் தர்மதாச பாலையூற்றில் அறை எடுத்து இருக்கிறார், வேலை முடிந்து இருட்டில் லாம்பு இல்லாத சைக்கிளில் போகிறவர். வழியில் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிடுவது என்று பேணாட் தலைமையில் தீர்மானம். விழுந்தால் அந்த மனுசன் கழுத்து முறிந்து சாகலாம், சாகாவிட்டாலும் உன் தம்பி மறியல் கம்பிக்குள் போவான், பிறகு யாருடைய பிள்ளையும் அந்தத் தெருவால் நிம்மதியாகப் போக ஏலாது. அப்பாவோ, அவனோடு நான் கதைக்கிறேன், இல்லாவிட்டால் அறைக்குள் போட்டுப் பூட்டுகிறேன் என்றார். நான் படித்த பெண் அல்லவா, அப்படியெல்லாம் முரட்டுத்தனமாகச் செய்யலாமா, வேறு வழி இருக்கிறது என்றேன். நூலகத்தில் எப்போதோ ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில் வாசித்தது, எந்த நாடென்றும் நினைவில்லை, பொலிசையும் பெடியன்களையும் சேர்த்துப் பந்தடிக்க விட்டார்களாம், பகை தீர்ந்ததாம். பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு படமும் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தை நம்பித்தான் இறங்கினேன்.

நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஆனந்தராசாவிடம் போனேன். கயிற்றைப் பற்றி மூச்சு விடவில்லை. கதிரை தந்தார், நான் அரை மணித்தியாலம் இளைஞர், சமூகம், நல்லுறவு என்று விளாசினேன். மனுசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரீச்சர், என்ர ஆக்கள் கள்ளனுக்குப் பின்னாலயே ஓடமாட்டினம், பந்துக்குப் பின்னால ஓடுவினமோ என்றார். ஆனாலும் சம்மதித்தார், றமழான் நோன்பு தொடங்க முதல் ஒரு சனிக்கிழமை என்று நாளும் குறித்தார். றஊப் உடனே ஓம் என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும், பொலிஸ்காரனுக்குச் சட்டப்படி உதை கொடுக்க இப்படி ஒரு வழி இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது. பேணாட் மட்டும் ஏலாது என்றான். ஒருத்தனுக்காக இருபத்திரண்டு பேரை வெயிலில ஓட விடுறியள் அம்மா, உங்களுக்கே வெக்கமாயில்லையோ என்று கேட்டான். அடி வாங்கிய நாளிலிருந்து என்னோடு கதைத்த முதல் நீளமான வசனம் அது, அதனால் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

அதோடு நின்றிருந்தால் பிழையில்லை. விளையாட்டு அடிபாட்டில் முடிந்தால் கயிறு இரண்டு சுற்றாகக் கட்டப்படுமே என்று பயந்து, றஊப்பைக் கூப்பிட்டு, வெற்றி தோல்வி பெரிதல்ல மகன், விருந்தாளியை வெல்ல விடுவது நம்முடைய பண்பாடு, ஒரே ஒரு கோலால் தோற்றுவிடுங்கோ, பொலிஸ் குளிர்ந்துவிடும் என்றேன். முதலில் அவன் என்னைப் பகிடி பண்ணினான், நீங்களே வந்து அந்தக் கோலை அடியுங்கோ ரீச்சர் என்றான். ஜெஸீமா பின்னால் நின்று அகப்பையைக் காட்டியபிறகுதான் தலையாட்டினான். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது என் நடையே வேறு, ஐக்கிய நாடுகள் சபையில் இருக்க வேண்டியவள் இங்கே ஏழாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பிக்கிறேனே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

போன சனிக்கிழமை பின்னேரம் மைதானத்தில் வழக்கம்போல மேய்ந்த நம் ஊர் மான்களைக் கலைத்துவிட்டுக் கோடு கீறினார்கள். பெடியன்களுக்குச் சப்பாத்து இல்லையென்று பொலிஸும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றது, தர்மதாசவும் அதில் ஒருவர். எங்கள் மாதா கோயில் சுவாமிதான் மத்தியஸ்தர், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு விசிலோடு நின்றார். எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கதிரை. என்னத்தைச் சொல்ல கிறேஸ், அப்படி ஒரு மரியாதையான பந்தடியை உலகம் கண்டிருக்காது. றஊப் பந்தைக் கோலடிவரை கொண்டுபோய், ஏதோ மறந்துவிட்டு வந்தவன் போலத் திரும்பி வந்தான். அதைப் பறித்த ஒரு கொன்ஸ்டபிள் திறந்து கிடந்த கோலுக்கு முன்னால் நின்று யோசித்துவிட்டுப் பந்தைக் கடற்பக்கம் அடித்தார். நீங்கள் அடியுங்கோ சேர் என்கிறான் இவன், இல்ல தம்பி நீங்க என்கிறார் அவர். சனம் விடுமா, என்னடாப்பா பொம்பிளை பார்க்கவோ வந்தனீங்கள், தேத்தண்ணி குடுத்துக் கேளுங்கோ, மாப்பிளைக்குப் பந்து பிடிக்கேல்லையாம் என்று கூக்காட்டியது. இடைவேளைக்கு விசில் அடித்தபோது இன்ஸ்பெக்டர் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி என் பக்கம் சரிந்து, ரீச்சர், ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது, பெடியளை வெல்ல விடச் சொல்லி என்ர ஆக்களுக்கு ஓடர் போட்டனான், ஆனால் உங்கட பெடியள் கோல் அடிக்கிறாங்களில்லையே என்றார். நான் என்ன செய்ய, என்னுடைய ஓடரையும் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எதிர்ப்பக்க மதிலோரம் நின்ற மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேணாட் எங்களுக்குப் பின்னால் மதிலில் இருந்திருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். திரும்பியபோது அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் திருத்திய கொப்பிகளில் உள்ள அத்தனை பிழைகளுக்கும் சேர்த்து எனக்கு யாரோ சிவப்பு மையால் கீறினதுபோல் இருந்தது. சேட்டைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டு மைதானத்துக்குள் போனான், ஒருவனை வெளியே அனுப்பிவிட்டுத் தான் நின்றான். ஆட்டம் தொடங்கியதுதான் தாமதம், பந்தோடு வந்த தர்மதாசவைத் தோளால் இடித்தான் பார், மனுசன் நிலத்தோடு போய் விழுந்தார். நாலு கொன்ஸ்டபிள்மார் ஓடி வந்தார்கள். நான் எழும்பி நின்றேன், நானே வெற்றிலை வைத்து அழைத்துவந்து நானே என் பிள்ளையை மறியலுக்கு அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தர்மதாச எழும்பினார். வாய்க்குள் போன மண்ணைத் துப்பினார். பேணாட் ஓடவில்லை, அந்த இடத்திலேயே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். ஓடி வந்தவர்களைத் தர்மதாச ஒரு கையால் நிற்பாட்டிவிட்டு, சிங்களமும் தமிழுமாக, ஹரி, சரி தம்பி, இப்ப விளையாடுவம் என்றார். சுவாமி பொலிஸுக்குப் பந்து கொடுத்தார், தர்மதாச அதை நேரே பேணாட்டின் வயிற்றில் அடித்தார், பேணாட் இருமிக்கொண்டே பந்தோடு ஓடினான். அதற்குப் பிறகு யாருக்கும் என் பண்பாடும் நினைவில்லை, இன்ஸ்பெக்டருடைய ஓடரும் நினைவில்லை. இடிபட்டார்கள், விழுந்தார்கள், கத்தினார்கள், பெடியன்கள் ஒரு கோல் போட்டார்கள், பொலிஸ் ஒன்று போட்டது. கடைசியில் பொலிஸ் போட்ட இரண்டாவது கோல் ஓஃப்சைட், அதை இங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நல்லுறவுக்காகப் பாடுபட்ட உன் அம்மா கதிரையில் ஏறி நின்று, கண் பொட்டையோ என்று மத்தியஸ்தரைப் பார்த்துக் கத்தினா. மத்தியஸ்தர் சுவாமி என்பது கத்தி முடிந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. இந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும், அவரிடமே.

ஆக, நான் கேட்டபடியே பொலிஸ் ஒரு கோலால் வென்றது, ஆனால் நான் கேட்டதால் வெல்லவில்லை. பொழுதுபட்டும் பேணாட்டைக் காணவில்லையே என்று வாசலில் நிற்கிறேன், தர்மதாச சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, இவன் பக்கத்தில் கையை வீசி வீசிக் கதைத்துக்கொண்டு வருகிறான். படலையடியில் நின்று தடியால் மண்ணில் கோடு கீறி, கல்லுக் கல்லாக வைத்து, இங்க நான், இங்க நீங்கள், பந்து வரேக்க உங்கட ஆள் எங்க நிண்டவர் என்று இவன் தமிழிலும் சிங்களத்திலும் கேட்க, அவர் கல்லைத் தள்ளி வைத்து, நே நே, இங்க நிண்டது, நீ பாக்க இல்ல என்று சண்டை. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன், இரண்டும் ஆறிப்போயின. அடித்ததற்கு அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, இவனும் கேட்கச் சொல்லவில்லை. அது பிழை என்று எனக்கு இன்னும் மனதுக்குள் இருக்கிறது, ஆனால் நடுவுக்குள் போய்ப் பேசி வைக்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். வருகிற சனிக்கிழமை இன்னொரு ஆட்டமாம், பெருநாளுக்குப் பிறகு மூன்றாவதாம், என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அவர் போனபிறகு எனக்கு மனம் கேட்கவில்லை, குசினிக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம், தம்பி, அந்தக் கயிறு என்று தொடங்கினேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னான், அந்தாளுக்குக் கால் முறிஞ்சால் சனிக்கிழமை நான் ஆரை வெல்லுறது அம்மா. இதுதான் மகள் இப்போதைக்கு எனக்கிருக்கும் உத்தரவாதம். அதனால் உன் அம்மா ஒவ்வொரு நாளும் செபமாலை முடிவில், தன் சொந்தப் பிள்ளை தோற்க வேண்டும், பொலிஸ் ஒரே ஒரு கோலால் வெல்ல வேண்டும், அடுத்த முறையும் அப்படியே ஆகவேண்டும் என்று மன்றாடுகிறா. இந்தமுறை யாருக்கும் ஓடர் போடவில்லை, மாதாவிடம் மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, பந்தடி பற்றிக் கேள், கயிறு பற்றி நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. குளிர் கூட முதல் நல்ல கம்பளிக் காலுறை வாங்கு. ஆண்டவரின் கை உன் தலைமேல் இருக்கட்டும், அப்பாவின் முத்தமும் இதோடு வருகிறது.

உன் தோற்றத்தில் பாதியையும் பிடிவாதத்தில் முழுவதையும் தந்த
அம்மா
மாகிரட்