றோட்டைக் கடந்த லைன்

பெப்ரவரி 6, வியாழன்

எங்கள் கடையில் இன்றும் நிற்க இடமில்லை. ஒருவருக்குப் போட்டோ கொப்பி, ஒருவருக்குப் போன் ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் போட வந்த பிள்ளைகள், வெயிலுக்கு ஒதுங்கிய பஸ் சனம். எதிர்ப்பக்கம் அபீபா தாத்தாவின் துணிக்கடைக்கு மேல் மாடியறை சும்மா கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டேன். யோசிக்கவே இல்லை, சாவியை எடுத்துக் கையில் வைத்தார். "நீங்க மேல இருந்தா எனக்கும் தைரியம் நந்தினி." அவருடைய கணவருக்குக் கட்டாரில் வேலை. தாத்தா என்றால் இங்கே முஸ்லிம் பேச்சில் அக்கா. பலாபத்வலைக்கு வாழ வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இன்டர்நெட்டை எப்படிக் கொண்டுபோவது? நடுவில் யாழ்ப்பாணம் போகிற பெரிய றோடு.

பெப்ரவரி 12, புதன்

எதிர்ப்பக்கத்துக்குப் புது லைன் இப்போதைக்குக் கிடைக்காதாம். வயர் இழுத்தால் முதலில் வருகிற மரக்கறி லொறியே அறுத்துக்கொண்டு போகும். அது என் வீட்டுக்காரர் சுதர்ஷன் ஓட்டுகிற லொறியாகவும் இருக்கலாம்.

மாத்தளையிலிருந்து றினோஸ் வந்தான். கமரா, இன்டர்நெட் எல்லாம் பூட்டுகிறவன். இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஒன்றைப் பழைய கடையின் நெற்றியில், மற்றதை மாடி பல்கனிச் சுவரில். வயரே இல்லை. இரண்டும் றோட்டுக்கு மேலால் பேசிக்கொள்ளுமாம். பெட்டியில் நாலு பச்சை விளக்கு எரிந்தது. "ரெண்டும் ஒண்ட ஒண்டு பார்த்துக்கிட்டே இருக்கணும் அக்கா. அவ்வளவுதான்."

அபீபா தாத்தாவின் போனில் நானே பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தேன். பின்னேரங்களில் கட்டாரிலிருந்து அழைப்பு வரும். சிக்னல் நன்றாக வருவது மாடிப்படியின் கீழ்ப்படியில். அங்கே உட்கார்ந்து "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கட்டாருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறார். வீட்டில் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தோம்.

பெப்ரவரி 14, வெள்ளி

மாடிக்கடை திறந்தாயிற்று. சாம்பிராணி, தேங்காய், பால்பொங்கல். காலையிலேயே நல்ல சனம். அபீபா தாத்தா ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பத்தோடு ஏறி வந்தார். வாசலில் நின்று கம்ப்யூட்டரை, கதிரைகளை, காத்திருந்தவர்களை எல்லாம் ஒரு தரம் பார்த்தார். "மாஷா அல்லாஹ் நந்தினி. என்ட கடைக்கும் இப்பிடி ஆக்கள் வந்தா எவ்ளோ நல்லம்."

அவர் இறங்கியதும் நாத்தனார் கிருஷ்ணம்மா அண்ணி என் கையைப் பிடித்தார். "கேட்டியா? எப்புடி மூச்சு விட்டுச் சொன்னா பார்த்தியா? அதுதான் கண்ணு. இன்னைக்கே காய் கட்டிரு." பழைய கடையைப் பார்த்துக்கொள்கிறது அண்ணிதான். அவர் சொல்லை நான் தட்டுவதில்லை. பழியை அவர் மேல் மட்டும் போடவும் கூடாது. அந்த மூச்சு எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

நல்ல பெரிய நீத்துப்பூசணி. குங்குமம் பூசி, கண்ணும் பல்லும் வரைந்து, கயிற்று உறியில் வைத்துப் பல்கனி நடுவில் தொங்கவிட்டோம். முகம் கீழே துணிக்கடை வாசலைப் பார்த்தபடி. அண்ணிதான் அப்படித் திருப்பினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு லைன் இழுக்கத் தொடங்கிவிட்டது.

பெப்ரவரி 15, சனி

லைன் வருகிறது, போகிறது. "காய் கட்டுன உடனே எதிர்க்குது பாரு. சாதாரணக் கண்ணில்ல இது," என்கிறார் அண்ணி.

றினோஸுக்குப் போன் பண்ணினேன். "முன்னுக்கு ஏதாச்சும் மறைக்குதா அக்கா? மரம் கிரம்?"

"மரமும் இல்ல மண்ணும் இல்ல," என்றேன், கதிரையில் இருந்தபடியே.

"அப்ப கரண்டப் பாருங்க. இல்லாட்டி யாரும் நெறையப் பாவிக்கிறாங்களோ தெரியா."

கரண்ட் மெயின் சுவிட்ச் கீழே, அபீபா தாத்தாவின் கடைக்குள். நிறையப் பாவிக்கிறது யார்? அதையும் நான் சொல்ல வேண்டுமா?

பெப்ரவரி 25, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டேன். ஒரு பிள்ளையின் விண்ணப்பம் பாதியில் நின்று, தகப்பன் என்னைக் கண்டபடி ஏசிவிட்டுப் போனார். அந்தச் சூட்டோடு கீழே இறங்கினேன். கடையில் சேலை பார்த்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் பேசினேன்.

"மெயினத் தட்டித் தட்டி வெளயாடுறீங்களா? நாங்க நல்லா இருக்கிறது பொறுக்கலயா?"

"நந்தினி, நான் அந்தப் பக்கமே போகல்ல."

"அப்ப படியில ஒக்காந்து எங்க லைன முழுசாத் திங்கிறது யாரு?"

அவர் சேலையை மடித்துக்கொண்டே இருந்தார். ஒரே சேலையைத் திரும்பத் திரும்ப மடித்தார். நான் மேலே வந்து பாஸ்வேர்டை மாற்றினேன். சொன்னால் என்ன, ஒரு திருப்திகூட இருந்தது.

மார்ச் 3, திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. வருடா வருடம் முதல் நோன்புக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி கஞ்சி வரும். இந்த முறை வரவில்லை.

பின்னேரம் அபீபா தாத்தா றோட்டோரத்தில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கத்துகிறார். தம்புள்ளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது. கட்டாரில் கணவருக்கு என்ன கேட்டிருக்கும்?

லைன் இன்னும் விட்டு விட்டுத்தான். தாத்தாவின் போனை நிறுத்தியும் விட்டு விட்டுத்தான் என்றால் — தெரியாது. தூக்கம் வருகிறது.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு நாளாக மழை. காய் அழுகி நாறிக்கொண்டிருந்தது, அவிழ்க்கக்கூடாது என்று அண்ணி. இன்று காலை உறியோடு விழுந்தது. விழுந்தது அபீபா தாத்தாவின் வாசலில், பெருநாளுக்கென்று, மழை விட்டதும் வெளியே கொழுவியிருந்த சின்னப் பிள்ளைகளின் உடுப்புகள் மேல். வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் அழுகல், புழு, குங்குமம்.

வாளியோடு ஓடினேன். அவரும் மகளும் ஏற்கனவே துடைத்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல காலம், யார்ட தலையிலயும் விழல்ல," என்றார் மகளிடம். என்னிடம், "நாங்க பார்த்துக்கிறோம் மிஸ்."

மிஸ். என்னை.

மேலே வந்தால் பெட்டியில் நாலு விளக்கும் பச்சை. லைன் பறக்கிறது. அண்ணி றோட்டைத் தாண்டி வந்து கையைக் கூப்பினார். "கண்ண வாங்கிக்கிட்டுக் காய் வெடிச்சிருச்சு. லைன் வந்துருச்சு. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?" இதையே பழைய கடைக்கு முன் பஸ் ஹோல்ட்டில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

ஹோல்ட் முழுக்க இதே கதை. சிங்களத்தில்கூடச் சொல்லியாயிற்று. துணிக்கடை வாசல் வரை போன ஒரு பெண்ணை, கூட வந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க வேணாம். புள்ளைக்கு உடுப்பு எடுக்கிற நேரத்துல அந்தப் பொம்பள கண்ணு எதுக்கு?" இருவரும் மாத்தளை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை வருகிற பெருநாள் வியாபாரம்.

நான் கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி.

மார்ச் 21, வெள்ளி

எப்படி எழுதுவேன் இதை.

அண்ணி புதுக் காய் கொண்டுவந்தார். அதே இடத்தில் கட்டினோம். அவர் இறங்கிப் போனதும் லைன் நின்றது. எரிச்சலோடு பல்கனிக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். ஒரே ஒரு விளக்கு, அதுவும் சிவப்பு. காய் பெட்டிக்கு நேர் முன்னால் ஒரு சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் ஒதுக்கினேன். நாலு பச்சை. விட்டேன். சிவப்பு. திரும்ப ஒதுக்கினேன்.

மறைப்பது எது என்று றினோஸ் கேட்டானே. எழும்பிப் போய்ப் பார்த்தேனா? காயைக் காயாகவே நான் பார்க்கவில்லை. அது காவல். காவல் எப்படி மறைக்கும்?

கீழே அவர் வாசல் தெரிகிறது. ஒருவரும் இல்லை. கறை போகாத சட்டைகளைத் தனியாக ஒரு கொடியில் காயப்போட்டிருக்கிறார். ஐயோ, என்ன பொம்பளை நான். மெயின் சுவிட்ச் என்றேன். திங்கிறீங்க என்றேன். நோன்பு பிடித்தவளை றோட்டில் நிற்க வைத்தேன்.

காயை அவிழ்த்து மேசைக்கடியில் வைத்தேன்.

மார்ச் 22, சனி

றினோஸ் போனில் சிரித்தான். காய் முழுக்கத் தண்ணீராம், சிக்னல் தண்ணீரைத் தாண்டாதாம். இன்றும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அண்ணி ஹோல்ட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நேற்று வரை முட்டாள்தனம். இன்று?

மார்ச் 23, ஞாயிறு

அபீபா தாத்தாவிடம் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். காய், பெட்டி, விளக்கு, எல்லாம். அழுகை வந்தது. அவர் கத்திரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"அந்தக் காய் எதுக்குன்னு கட்டுன அண்டைக்கே எனக்குத் தெரியும். முகத்த என்ட வாசலுக்குத்தானே திருப்பி வச்சீங்க."

"தெரிஞ்சும் ஏன் தாத்தா ஒன்னும் கேக்கல?"

"என்னன்னு கேக்குறது? எனக்குப் பொல்லாத கண்ணான்னா?" துணியில் ஒரு வெட்டு வெட்டினார். "அண்டைக்கு மேல வந்து நான் மாஷா அல்லாஹ் சொன்னேனே. எதுக்குச் சொல்றதுன்னு தெரியுமா? ஒருத்தர்ட நல்லதப் பார்த்தா, எங்கட கண்ணு அவங்களுக்குப் பட்டுரக் கூடாதுன்னுதான் சொல்றது. ஒங்களுக்காகத்தான் சொன்னேன்."

புதுப் பாஸ்வேர்டை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் டேட்டா போட்டுக்கிட்டேன். ஏசினது என்ட கடையில, ஆக்களுக்கு முன்னுக்கு. மன்னிப்புக் கேக்குறது மட்டும் காதோட காதா?"

அவர் சொன்னதில் என்ன பிழை?

மார்ச் 24, திங்கள்

காலை பஸ் நேரத்தில் காயைச் சுமந்துகொண்டு றோட்டைத் தாண்டினேன். இடுப்பில் பிள்ளையைப் போல. ஹோல்ட் நிறையச் சனம். பழைய கடைக்கு முன்னால் வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு ஏறி, நெற்றியில் இருக்கிற பெட்டிக்கு முன்னால் காயைத் தூக்கிப் பிடித்தேன்.

"அண்ணி, வெளக்கப் பாருங்க. என்னா நிறம்?"

"எறங்கு நந்தினி. என்னா கூத்து இது?"

"நிறத்தச் சொல்லுங்க."

"செவப்பு."

காயை இறக்கினேன். "இப்ப?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொண்டக்டர் பையன்தான், "பச்ச, பச்ச," என்றான். இன்னொரு தரம் செய்து காட்டினேன். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். தமிழில் சொல்லிவிட்டுச் சிங்களத்திலும் சொன்னேன். லைனை மறைத்தது இந்தக் காய், கட்டியது நான், அபீபா தாத்தாவைக் களவு என்றும் கண் என்றும் பேசியது நாங்கள், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. "அனே நோனா," என்று சிங்களத்தில் ஐயோ போட்டு ஒரு வயதான அம்மா தலையில் கைவைத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். பஸ் புறப்பட்ட பிறகும் ஜன்னலால் சிரிப்புச் சத்தம் கேட்டது. முகம் எரிந்தது. வாங்கிலிருந்து இறங்கவும் தெரியாமல் நின்றேன்.

எதிரே அபீபா தாத்தா கடை வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அண்ணி இரவுச் சாப்பாடு வரை பேசவில்லை. "சாமிக் காயப் போயி விளையாட்டுச் சாமானாக்கிட்ட," என்றார் கடைசியில். சுதர்ஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, லொறிக்கு முன்னுக்கும் ஒன்னு கட்டிருக்கீங்க. ரேடியோ இழுக்கிறது அதாலயா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 26, புதன்

பாஸ்வேர்டைப் பூசணி என்று மாற்றிவிட்டேன், ஆங்கில எழுத்தில். கேட்கிற ஒவ்வொருவருக்கும் என் வாயால் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரு தரம் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கறைபட்ட சட்டைகளை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். "அது என்ட சாமான்," என்றார் அபீபா தாத்தா. வாசலில் இன்று இரண்டு மூன்று தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். கீழே கடை பூட்டு. எங்களுக்கு வட்டிலப்பம் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மகள் மட்டும் மேலே வந்தாள். "உம்மா பாஸ்வேர்ட் கேட்டு வரச் சொன்னாங்க."

சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பின்னேரம் கீழ்ப்படியில் அந்தச் சத்தம். "கேக்குதா? இப்ப கேக்குதா?" கொப்பி மெஷினை நிறுத்திவிட்டேன். ஒட்டுக்கேட்பது தப்பு. கேட்டேன்.

வீடு, மகளின் படிப்பு, பெருநாள் வியாபாரம். பாதிச் சட்டை மிஞ்சிவிட்டதாம். பிறகு கணவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"யாரு, மேல இருக்கிறவங்களா? இல்லங்க, கதைக்கிறதில்ல. லைன் மட்டுந்தான் வாங்கியிருக்கேன்."

வழக்கமாகக் கடை பூட்டும்போது எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு வருவேன். இன்று லைன் பெட்டியை மட்டும் அணைக்காமல் வந்தேன்.