மலைக்கு இந்தப் பக்கம் நின்ற பிறை

தென்காசி,
4-1-1968

அருமை மகன் துல்கர்னைனுக்கு வாப்பா முகம்மது கனி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும் சுகம். நீ பெருநாளைக்கு வராத கோபத்தில் சைதூன் பீவி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வராதது நீ, தண்டனை எனக்கு. போகட்டும், வீட்டில் கொஞ்சம் அமைதியாவது கிடைத்தது.

உன் போன கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். நம் ஆட்களே முழுக்கச் செய்த ராக்கெட் மேலே போய்விட்டது, பருமன் மூன்று அங்குலம் என்று எழுதியிருந்தாய். கடிகாரம் ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் கையை வளைத்து அளவு காட்டினேன். இது புட்டுக்குழாய் மாதிரியல்லவா இருக்கிறது என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய மாதாகோயிலையும் சில சைக்கிள்களையும் வைத்துக்கொண்டு, வெளிநாட்டான் கொடுத்த ராக்கெட்டை விட்டவர்கள், இன்றைக்குச் சொந்தமாக ஒன்றைச் செய்துவிட்டார்கள். ராக்கெட் மேலே போனதும் எத்தனையாவது விநாடியில், மேல்காற்றின் போக்கைக் காட்டும் புகையைத் திறக்க வேண்டும் என்று சொல்கிற கடிகாரத்தைப் பூட்டுவது என் மகன் என்று நினைத்தால் எனக்குத் தலைகால் புரிவதில்லை. பல்சக்கரம் துடைக்கச் சொன்னால் மூக்கால் அழுத பயல் நீ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாக வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை, 31-ந்தேதி, நோன்பு இருபத்தொன்பது. பிறை பார்க்கப் பள்ளிவாசல் மாடியில் ஊரே கூடி நின்றது. நானும் ஜவுளிக்கடை கிதிர் முகம்மதும் வழக்கம்போலச் சிற்றாற்றங்கரைக்குப் போனோம். அங்கே நின்றால் தென்னைமரம் மறைக்காது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் பிறை என்றால் என் கண்தான் என்பது உனக்குத் தெரியும். பாங்கு கேட்டதும் ஆளுக்கொரு பேரீச்சம்பழம் வாயில் போட்டு நோன்பு திறந்தோம். மணலிலேயே தொழுதோம்.

எழுந்தபோது காற்று நின்றிருந்தது. குற்றாலத்து மலைக்காற்று அப்படிச் சட்டென்று நிற்காது. தண்ணீரில் சலசலப்பு இல்லை, தவளைச் சத்தம்கூட இல்லை. மலை முழுக்க மேகம். அந்தக் கறுப்பில் அது தெரிந்தது. மெல்லிய வளைவு. வெள்ளையாக இல்லை, உலையில் பழுத்த கம்பியின் நிறம். நான் கையை நீட்டினேன். கிதிர் முகம்மது எங்கன, எங்கன என்று தவித்தான். என் விரலைப் பிடித்து அதன் நேரே பார்த்தான். பிறகு, “ஆமா கனி, தெரியுது” என்றான். நான் கையில் மணி பார்த்தேன். ஆறு நாற்பத்தொன்று. மறுபடி நிமிர்ந்தபோது அது இல்லை.

பள்ளிக்குப் போய் இரண்டு பேரும் சாட்சி சொன்னோம். ஹஜரத் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அல்லாஹ் மேல் ஆணையாகப் பார்த்தேன் என்றேன். திங்கள்கிழமை பெருநாள் என்று அறிவித்தார்கள்.

அந்தத் திங்கள்கிழமை கடையநல்லூர்க்காரர்கள் முப்பதாவது நோன்போடு இருக்க, நாம் நெய்ச்சோறு சாப்பிட்டோம். சாயங்காலம் வானம் வெளுத்துவிட்டது. தெருவில் நின்ற பிள்ளைகள்கூடப் பிறையைப் பார்த்தார்கள். நூல் மாதிரி இருந்தது. அதுதான் தலைப்பிறை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியானால் முந்தின நாள் நான் பார்த்தது என்ன? நோன்பு வைக்க வேண்டிய நாளில் ஒரு ஊரையே சாப்பிட வைத்துவிட்டேன். ஆளுக்கொரு நோன்பைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், தெரியாமல் நடந்ததற்குக் குற்றமில்லை என்று ஹஜரத் சொல்லிவிட்டார். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கனி, பார்த்துத்தான் சொன்னீரா என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தின்கிறது. தெருவில் எனக்குப் பெருநாள் கனி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொய் சாட்சி சொன்ன ஆள் என்று ஒருதடவை பெயர் விழுந்தால் பிறகு நான் எந்த முகத்தோடு முதல் வரிசையில் நின்று தொழுவது?

நேற்றுத்தான் எனக்கு அறுபத்துமூன்றாம் வருஷம் ஞாபகம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கக் கடற்கரையில் இருக்கும் உங்கள் இடத்திலிருந்து முதல் ராக்கெட் போன அன்று சாயங்காலம் வானத்தில் ஆரஞ்சு நிறப் புகை சுருண்டு நின்றதே. கடைத்தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். நீ கடைக்கூரை மேல் ஏறி நின்று, அது கலையும்வரை இறங்கவில்லை. அதன்பிறகுதான் உனக்கு அந்த வேலைப் பைத்தியம் பிடித்தது.

ஆகவே மகனே, 31-ந்தேதி ஞாயிறு மாலை ஆறு நாற்பத்தொன்றுக்கு நீங்கள் புகை விட்டீர்களா? விட்டிருந்தால் என் கண் பொய் சொல்லவில்லை, நான் வைத்த பெயர்தான் தப்பு. தபால்காரன் வரும் நேரத்துக்கு இனி நான் வாசலில்தான் நிற்பேன். உடனே எழுது.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்க்கும் வாப்பா,
முகம்மது கனி


தென்காசி,
13-1-1968

அருமை மகனுக்கு, ஸலாம். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அல்லாஹ் உன்னை நல்லா வைக்கட்டும். ஞாயிறு மாலை சரியாக ஆறு நாற்பத்தொன்றுக்கு ஒரு சின்ன ராக்கெட்டில் புகை விட்டோம், முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். நேற்று ஜும்ஆ முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்லி அதை உரக்க வாசித்தேன். ஹஜரத் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கிதிர் முகம்மது பச்சைப்பிள்ளை மாதிரி அழுதான். பெருநாள் கனி போய் இப்போது ராக்கெட் கனி ஆகிவிட்டேன். உன் உம்மாவும் பேச ஆரம்பித்துவிட்டாள், சமாதானம் செய்வதில் நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் கடிதத்தில் ஒன்றை உனக்கு மறைத்துவிட்டேன். ஹஜரத்திடமும் சொல்லவில்லை.

அது மலைக்கு மேலே நிற்கவில்லை, துல்கர். முகட்டுக்குக் கீழே, மலையின் உடம்பு மேல் நின்றது. பிறையாக இருந்தால் மலை அதை மறைத்திருக்க வேண்டும். மலைக்கு இந்தப் பக்கம், எனக்கும் மலைக்கும் நடுவில் நின்றது. அந்த நிமிஷமே எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஓடிப்போய்ச் சாட்சி சொன்னேன். ஏன் சொன்னேன்? இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்து மற்றவர்கள் நம்பிய பழக்கம். அந்த ஆணவம்தான், வேறென்ன. உங்கள் புகை அவ்வளவு தாழ்வாக, மலைக்கு இந்தப் பக்கம் இறங்கி வருமா? எழுது.

இன்னொன்று. வியாழக்கிழமை மாலை கடையை அடைக்கும்போது அதை மறுபடி பார்த்தேன். வானத்தில் இல்லை. கடைக்குள், சுண்ணாம்பு அடித்த சுவரில். அதே வளைவு, அதே நிறம். சுவரைத் தொட்டேன், குளிர்ச்சியாக இருந்தது. நான் தலையைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறது. மாட்டியிருந்த கடிகாரங்களின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நீங்கள் இப்போது தினமும் புகை விடுகிறீர்களா? விட்டால் சொல்லிவிடு. உம்மாவுக்கு இதெல்லாம் எழுதாதே.

உன் வாப்பா,
முகம்மது கனி


தென்காசி,
31-1-1968

அன்பு மகன் துல்கர்னைனுக்கு வாப்பாவின் ஸலாம். என் போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். கோணல்மாணலாக எழுதியிருக்கிறேனே என்று பார்க்காதே, மேலே வாசி.

போன வாரம் காந்திமதிநாதன் வாத்தியார் கடைக்கு வந்தார். டிசம்பர் கடைசியில் அவர் கடிகாரத்தைச் சுத்தம் செய்து, பெருநாள் கழிந்துதான் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரமாகிவிட்டது, நான் வைத்துக் கொடுத்தபடியே நிமிஷம் பிசகாமல் பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிறது என்று பாராட்டினார். செங்கோட்டை பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று அவர் எப்போதும் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருப்பார். வேலை முடிந்த கடிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் நாலு நாள் நான் கையில் கட்டி ஓட்டிப் பார்ப்பேன் என்பது உனக்குத் தெரியாததா? அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருந்தது வாத்தியார் கடிகாரம்.

அப்படியென்றால் நான் பார்த்த நேரம் ஆறு முப்பத்தொன்று. நீயோ சரியாக ஆறு நாற்பத்தொன்றுக்கு விட்டோம் என்று எழுதினாய். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பப்போகிற ராக்கெட்டின் புகையை நான் முன்னாலேயே பார்த்தேனா? ஒரு ராத்திரி முழுக்க அதைக்கூட நம்பத் தயாராக இருந்தேன், பார்த்துக்கொள். விடிந்ததும் புத்தி வந்தது. விநாடிக் கணக்கில் வேலை செய்கிற என் மகன், வாப்பா எழுதிய நேரத்தை அப்படியே எடுத்துத் திருப்பி எழுதியிருக்கிறான். அன்று அங்கே எதுவும் மேலே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அறையில் சட்டை துவைத்துக்கொண்டிருந்திருப்பாய்.

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். என்னை இரண்டாம் தடவையும் பள்ளிவாசலில் பொய் சொல்ல வைத்துவிட்டாயே என்று பல்லைக் கடித்தேன். பிறகு உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்று என்ற இடத்தில் பேனா அழுந்தி மை ஊறியிருக்கிறது. எனக்காக நீ அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்தியிருப்பாய் என்று நினைத்தேன். அதோடு கோபம் போய்விட்டது.

சனிக்கிழமை தனியாகக் குற்றாலம் போனேன். சீசன் இல்லை, அருவி ஒடுங்கி ஒரே ஒரு தாரை விழுகிறது, குளிக்க ஆளில்லை. அதற்குள் தலையைக் கொடுத்து இரண்டு கண்ணையும் இறுக்க மூடினேன். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் அது நின்றது. தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே அசையாமல், எனக்காகக் காத்திருந்தது போல நின்றது. வாய்விட்டு அலறினேன், துல்கர். யாருக்கும் கேட்டிருக்காது.

கரையில் உட்கார்ந்து, கடிகாரத்தில் பழுது தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இடது கண்ணைப் பொத்தினால் அது இருந்தது. வலது கண்ணைப் பொத்தினால் இல்லை. நாற்பது வருஷமாக லென்ஸ் வைத்த கண்ணுக்குள்தான் பிறை இருந்திருக்கிறது.

திங்களன்று திருநெல்வேலி போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிவது போலக் கண்ணின் பின்பக்கத் திரை உரிகிறது, அதுதான் வெளிச்சமாகத் தெரிகிறது என்றார். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். போனால் சரியாகுமா என்றதற்கு, தாமதிக்காதீர்கள் என்றார். அந்தக் கண்ணில் இப்போது கீழேயிருந்து இருட்டு ஏறுகிறது. கடையைப் பலகை பலகையாக அடைப்போமே, அந்த மாதிரி. நேற்று அந்தியில் இடது கண்ணின் ஓரத்திலும் ஒரு சின்னக் கீற்று தெரிந்தது.

இதையெல்லாம் கிதிர் முகம்மதிடம் சொல்லி, நீ என்னை நம்பித்தான் பார்த்தாய், அங்கே ஒன்றும் இல்லை என்றேன். அவன் கேட்கவில்லை. நான் பார்த்தேன் என்று சாதித்தான். அந்தி இறங்கும் நேரம், கடையில் இருந்தோம். நான் வாயைத் திறக்கவே இல்லை, விரலையும் நீட்டவில்லை. அவனாகவே சுவரைக் காட்டி, “அதோ, இப்பவும் நிக்குதுல்லா கனி” என்றான். எனக்குத் தெரிகிற அதே இடம். அவன் கண்ணைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகவா, அல்லது பொய் சாட்சி என்ற பெயருக்குப் பயந்தே அப்படிச் சொல்கிறானா, ஒன்றும் விளங்கவில்லை. இனி அந்த நேரத்துக்கு முன்னாலேயே கடையில் விளக்கு ஏற்றிவிடுவது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். பிறையும் இல்லை, ராக்கெட்டும் இல்லை, என் கண்ணின் பழுது, அதற்கு மேல் என் ஆணவம் என்று சொல்வேன். மலைக்கு இந்தப் பக்கம் நின்றதையும் சொல்வேன். உன் பெயரை எடுக்கமாட்டேன், கடிதத்தைப் பற்றிக் கேட்டால் நான் கேட்டதைத்தான் பிள்ளை எழுதினான் என்று சொல்லிவிடுவேன். அது பொய்யும் இல்லை. நான் கேட்டதைத்தான் நீ எழுதினாய். அதன்பிறகு பழுதான கண்காரனிடம் யாரும் கடிகாரம் தரமாட்டார்கள். தராவிட்டால் போகிறது. கண் போனவனாக வாழ்ந்துவிடலாம், பொய் சாட்சி சொன்னவனாக மௌத்தாக எனக்குத் தைரியம் இல்லை. உன் உம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமலிருந்த நாட்கள் எவ்வளவோ மேல்.

நீ உன் வேலையை விட்டுவிடாதே. நீங்கள் செய்யும் ராக்கெட் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகட்டும். அதில் நீ பூட்டுகிற கடிகாரம் ஒரு விநாடிகூடப் பொய் சொல்லாமல் ஓடட்டும். அல்லாஹ் உன் கைக்கு நடுக்கத்தையும் உன் கண்ணுக்குக் குறையையும் தராமல் காப்பானாக.

இந்தக் கடிதம் கண்டதும் லீவு கேட்டு ஒருமுறை வந்துவிட்டுப் போ. ராத்திரி வண்டியில் வராதே, மகனே. காலை வண்டியில் ஏறு. வெயில் இருக்கும்போதே வீட்டு வாசலுக்கு வந்து, என் எதிரே கொஞ்ச நேரம் அப்படியே நில்.

உன் வாப்பா,
முகம்மது கனி