நெல்லைக் கிளறிய டயர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்று தஞ்சாவூரில் டயர் மாற்றினேன். வெள்ளிக்கிழமை தன் கல்யாணத்துக்கு மகள் அதில்தான் சர்ச்சுக்குப் போவாளாம்.

"நம்ம ரோட்டுக்கு உசரமான டயர்தான் சார் தோதுப்படும்" என்றார் கடைக்காரர்.

"கார் அழகே போயிடும்" என்று உயரம் குறைந்ததையே போடச் சொன்னேன். கூட வந்த மனைவி ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது வலங்கைமான் அருகே சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தரையோடு தாழ்ந்திருந்த காரின் அடிப்பாகம் நெல்லை வாரிக்கொண்டே போனது. நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார். செத்தோம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

அவர் நெல்லைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "நல்லாக் கிளறி விட்டிருக்கீங்களே. நாளைக்கும் வர்றீங்களா? இதுக்கு ஆளே கெடைக்கல."

"கண்டிப்பா வருவாருங்க" என்று ஸ்டெல்லா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

காலையில் போய் உயரமான டயரைப் போட்டுவிடலாம்தான். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?